பூட்லோடரைத் திறந்தபின் நம் சாவியாலேயே திரும்பப் பூட்ட முடியுமா?

பனையோலை:

வணக்கம். அப்டேட் நின்றுபோன ஒரு ஆண்ட்ராய்டு போன். கடைசிப் பாதுகாப்பு பேட்ச் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பேட்டரி தாங்குகிறது, திரையில் கீறல் இல்லை, 6 ஜிபி ராம், 128 ஜிபி நினைவகம். வன்பொருளில் ஒரு குறையும் இல்லாத பொருளை, மென்பொருள் பழசாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கடாசுவது சரியில்லை. லினேஜ் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு சிஸ்டத்தைப் போட்டு இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்டலாம் என்று எண்ணம்.

லினக்ஸ், டெர்மினல் எல்லாம் பழக்கம்தான், அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியதில்லை. இந்த மாடலின் பூட்லோடர் (போன் எழும்போது முதலில் ஓடி, எந்தச் சிஸ்டத்தை ஏற்கலாம் என்று முடிவு செய்யும் நிரல்) திறக்கக் கூடியதா என்று ஒன்றையும் அழிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? திறக்கும் முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்? முக்கியமாக, புதிய சிஸ்டத்தைப் போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்ட முடியுமா? பூட்டாமல் விட்டால் உண்மையில் ஆபத்து எவ்வளவு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பூட்டு உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று எல்லா நிறுவனமும் சொல்கிறது. அதே நிறுவனம் அப்டேட்டை நிறுத்திய பிறகும் பூட்டைத் திறந்துவிட மறுக்கிறது. இதில் பாதுகாப்பு எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவு?

---

கல்வெட்டு:

முதல் இரண்டு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். மற்றதை இங்கே வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் "ஓஇஎம் அன்லாக்கிங்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது மங்கலாக, தொட முடியாமல் இருந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம். ஒன்று, போன் இன்னும் இணையத்தில் தன் நிலையைச் சரிபார்க்கவில்லை. வைஃபையில் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். இன்னொன்று, அது தொலைபேசி நிறுவன ஒப்பந்தத்தோடு விற்ற மாடல். அதில் பொத்தான் கடைசிவரை மங்கலாகவே இருக்கும்.

பொத்தானை இயக்க முடிந்தால் கணினியில் இணைத்து, போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் "ஏடிபி ரீபூட் பூட்லோடர்" கொடுங்கள். பிறகு ஃபாஸ்ட்பூட் (பூட்லோடரோடு நேரே பேசும் கருவி) வழியாக "ஃப்ளாஷிங் கெட்_அன்லாக்_எபிலிட்டி" என்று கேளுங்கள். 1 வந்தால் திறக்கலாம், 0 வந்தால் முடியாது. இதுவரை எதுவும் அழியாது. சில நிறுவனங்கள் இந்தக் கட்டளையையே வைப்பதில்லை, "அன்நோன் கமாண்ட்" என்று வரும். அங்கே நிறுவனத்தின் சொந்த வழிதான். ஷாவ்மி போன்களில் கணக்கைப் போனோடு இணைத்துக் காத்திருக்க வேண்டும். நெடுங்காலம் அது 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். ஹுவாவே 2018-இலேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. எல்ஜி 2021-இல் போன் தொழிலை விட்டபோது, அந்த ஆண்டு இறுதியோடு திறப்புச் சேவையையும் மூடியது. நிறுவனத்தின் சர்வர் அனுமதி தேவைப்படும் போன் என்றால் காரியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சர்வர் போனால் வழியும் போயிற்று.

திறக்கும்போது பயனர் தரவு முழுவதும் அழியும், இதற்கு விலக்கு இல்லை. படங்களை எல்லாரும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். இருபடிச் சரிபார்ப்புச் செயலியில் இருக்கும் குறியீடுகளைத்தான் மறந்துவிட்டு அப்புறம் தவிக்கிறார்கள். அதை முதலில் வேறு சாதனத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்து ரேடியோ பார்ட்டிஷன்கள், அதாவது நினைவகத்தில் மோடம், சென்சார் விவரங்களுக்கென ஒதுக்கிய தனிப் பகுதிகள். குவால்காம் சிப் என்றால் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட். மீடியாடெக் என்றால் என்விராம், என்விடேட்டா, புரொடெக்ட்1, புரொடெக்ட்2. ஐஎம்இஐ எண், ஆன்டெனா அளவீடு, சென்சார் அளவீடு எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி. அழிந்தால் இணையத்திலிருந்து இறக்கி நிரப்ப முடியாது. பூட்லோடரைத் திறந்த உடனே, எதையும் ஃப்ளாஷ் செய்யும் (போனில் எழுதும்) முன்பு, ரெக்கவரி என்ற சிறு மீட்பு சிஸ்டத்தைத் தற்காலிகமாக "ஃபாஸ்ட்பூட் பூட்" மூலம் ஏற்றி, இவற்றை "டிடி" கட்டளையால் நகலெடுத்துப் போனுக்கு வெளியே வையுங்கள். எல்லாம் சேர்த்தும் பெரிய அளவு இருக்காது. இந்த நகலை வேறொரு போனில் ஏற்றக் கூடாது.

சோனி எக்ஸ்பீரியா இசட் வரிசைப் பழைய போன்கள் மட்டும் தனிக்கதை. அவற்றில் டிஏ என்ற பார்ட்டிஷனில் உள்ள சாவிகள் திறக்கும் அந்த நொடியிலேயே அழியும், கூடவே கேமராவின் படத்தரமும் இறங்கும். அங்கே திறக்கும் முன்பே டிஏவை எடுத்தாக வேண்டும்.

கேபிளும் போர்ட்டும் அற்பமாகத் தெரியும், ஆனால் பாதி "வெயிட்டிங் ஃபார் டிவைஸ்" பிரச்சினை அங்கிருந்துதான் வருகிறது. தரவுக் கேபிள் வேண்டும், ஹப் வேண்டாம், முடிந்தால் யூஎஸ்பி 2 போர்ட். சில கணினிகளில் யூஎஸ்பி 3 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட் பாதியில் நின்றுவிடுகிறது. பிளாட்ஃபார்ம் டூல்ஸ் (ஏடிபி, ஃபாஸ்ட்பூட் அடங்கிய தொகுப்பு) புதிய பதிப்பாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சிஸ்டம், வெண்டார் போன்றவை "சூப்பர்" என்ற ஒரே பார்ட்டிஷனுக்குள் அடங்கிவிட்டன. பழைய ஃபாஸ்ட்பூட்டுக்கு அது புரியாது. அவற்றை நேரடியாக எழுத வேண்டி வந்தால் "ஃபாஸ்ட்பூட் ரீபூட் ஃபாஸ்ட்பூட்" கொடுத்து ஃபாஸ்ட்பூட்டி நிலைக்குப் போக வேண்டும்.

இப்போது ஆபத்தான இடம். லினேஜ் விக்கியில் உங்கள் மாடலுக்கான பக்கம் தயாரிப்பாளரின் அடிமட்ட மென்பொருளான ஃபர்ம்வேரின் எந்த அசல் பதிப்பு கீழே இருக்க வேண்டும் என்று சொல்லும். அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுங்கள். பதிப்பு பொருந்தாவிட்டால் சிக்னல் வராது, அல்லது கேமரா திறக்காது. சரி, பழைய ஃபர்ம்வேரை இறக்கிப் போட்டுவிடலாம் என்று இறங்கினால் பின்னேற்றத் தடுப்பு குறுக்கே வரும். போனுக்குள் ஒரு எண் இருக்கும், அது ஏறுமே தவிர இறங்காது. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள பூட்லோடரை எழுதினால் போன் செங்கல்தான், திரும்ப எழாது. சில போன்களில் "ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி" அந்த எண்ணைக் காட்டும்.

பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது இந்த எண் ஏறியது. அந்தப் போனில் சிஸ்டத்தை வைக்க ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் (இடம்). அப்டேட் ஒரு ஸ்லாட்டில் மட்டும் புதிய பூட்லோடரை எழுதும், மற்றதில் பழையது அப்படியே கிடக்கும். பிறகு ஏதோ காரணத்தால் போன் மறு ஸ்லாட்டுக்குத் தாவினால், அங்குள்ள பழைய பூட்லோடரைச் சிப் ஏற்காது. அதனால்தான் இரண்டு ஸ்லாட்டிலும் புதிய பூட்லோடரை எழுதச் சொன்னார்கள். உங்கள் போனிலும் ஸ்லாட் இரட்டை என்றால் இதே கவனம் வேண்டும். லினேஜ் பக்கத்தில் "காப்பி பார்ட்டிஷன்ஸ்" ஜிப்பை ஏற்றச் சொல்லியிருந்தால் அந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

கடைசிப் படி, ரெக்கவரியில் டேட்டாவை ஃபார்மட் செய்துவிட்டு, லினேஜைக் கணினியிலிருந்து ஏற்ற "ஏடிபி சைட்லோட்". கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்று, "ஃபெயில்டு டு ரீட் கமாண்ட்: சக்சஸ்" என்று வந்தால் பதறி கேபிளைப் பிடுங்க வேண்டாம். வேலை முடிந்திருக்கும் வாய்ப்பு அதிகம், போன் திரையைப் பாருங்கள். கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் முதல்முறை பூட் ஆகும் முன்பே அதையும் சைட்லோட் செய்துவிடுங்கள். ஒருமுறை பூட் ஆன பிறகு சேர்த்தால் செயலிகள் வரிசையாக விழும், திரும்ப ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும்.

திரும்பப் பூட்டுவது பற்றி ஒரே வார்த்தை: சாதாரண லினேஜ் நிறுவலின் மேல் பூட்டாதீர்கள். பெரும்பாலான போன்களில் அது பூட் ஆகாது.

---

நீலத்தறி:

கல்வெட்டு சொன்ன படிகள் சரி. ஆனால் பூட்டாமல் விட்டால் ஆபத்து எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பூட்டு வெறும் கட்டுப்பாடு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

பூட்டிய போனில் பூட்லோடர் முதலில் விபிமெட்டா பார்ட்டிஷனின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். அதற்குள் பூட், சிஸ்டம், வெண்டார் ஒவ்வொன்றின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) விவரமும் இருக்கும். சிஸ்டம் ஓடும்போதும் டிஎம்-வெரிட்டி என்ற வசதி ஒவ்வொரு பிளாக்கையும் படிக்கப் படிக்கச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு பைட் மாறினாலும் தெரிந்துவிடும். திறந்த போனில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துபோகிறது.

நடைமுறையில் என்ன ஆகும்? உங்கள் தரவு குறியாக்கத்தில்தான் இருக்கிறது, திருடியவரால் நேரே படிக்க முடியாது. ஆனால் மேசையில் விட்டுப்போன திறந்த போனை ஒருவர் ஐந்து நிமிடம் கேபிளில் மாட்டினால் பூட் இமேஜை மாற்றி எழுதிவிடலாம். தரவு அழியாது, சுவடும் இருக்காது. அடுத்த முறை நீங்களே பின் எண்ணைத் தட்டும்போது மாற்றப்பட்ட சிஸ்டம் அதை எடுத்துக்கொள்ளும். குறியாக்கம் அங்கே கைகொடுக்காது.

இரண்டாவது, இடைத்தரகர்கள். பெட்டியைப் பிரித்து, பூட்லோடரைத் திறந்து, விளம்பர மென்பொருளோ உளவு மென்பொருளோ ஏற்றி, திரும்ப ஒட்டி விற்பது நடக்கக் கூடியது. வாங்குபவருக்கு அதைக் காட்டிக்கொடுப்பது பூட் ஆகும்போது வரும் ஆரஞ்சு எச்சரிக்கை ஒன்றுதான். திறக்கும்போது தரவு அழிவதும் இதே காரணத்துக்காகத்தான். குறியாக்கச் சாவிகள் பூட்லோடரின் நிலையோடு பிணைக்கப்பட்டவை. நிலை மாறினால் பழைய சாவி செல்லாது. இல்லையென்றால் திருடர் திறந்து தரவைப் படித்துவிட்டுப் போவார்.

அதனால் என் கருத்து: திறந்த போனை இரண்டாவது சாதனமாக வையுங்கள். பாட்டு, வரைபடம், புத்தகம், வீட்டு சர்வர், எதற்கு வேண்டுமானாலும். பணமும் மருத்துவக் குறிப்பும் அதில் வேண்டாம்.

---

உளிச்சத்தம்:

@நீலத்தறி, நீங்கள் விவரித்த தாக்குதல் எதையும் மறுக்கவில்லை. பூட்டு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதிலிருந்து, சிஸ்டத்தைக் கையொப்பமிடும் சாவி தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்ற முடிவு வரவில்லை. நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கின்றன, நாமும் ஒன்றென்றே நம்பிவிட்டோம்.

ஆண்ட்ராய்டின் சொந்த வடிவமைப்பிலேயே பூட் நிலை நான்கு. பச்சை: பூட்டியது, தயாரிப்பாளரின் சாவி. ஆரஞ்சு: திறந்தது. சிவப்பு: கெட்டுப்போனது. நான்காவது மஞ்சள்: பூட்டியது, ஆனால் உரிமையாளரின் சாவியால். மஞ்சளில் கையொப்பம் சரிபார்க்கப்படுகிறது, டிஎம்-வெரிட்டி ஓடுகிறது, பின்னேற்றத் தடுப்பும் இருக்கிறது. நீலத்தறி சொன்ன ஐந்து நிமிடக் கேபிள் தாக்குதல் அங்கே செல்லாது. பூட் திரையில் உங்கள் சாவியின் கைரேகை எண் (சாவியை அடையாளம் காட்டும் சுருக்க எண்) தெரியும். யாராவது வேறு சாவியைப் போட்டிருந்தால் அந்த எண் மாறியிருக்கும். அதற்கு முன் பூட்லோடரைத் திறந்திருக்க வேண்டும் என்பதால் தரவும் அழிந்திருக்கும்.

பிக்சல் போன்களில் இது இன்றைக்கே வேலை செய்கிறது. கிராஃபீன் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இந்த வழியில்தான் பூட்டுகிறது. நீங்களே மூலநிரலிலிருந்து சிஸ்டம் கட்டுபவர் என்றால்:

ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஒன்று உருவாக்குங்கள். ஏவிபிடூல் என்ற கருவியின் "எக்ஸ்ட்ராக்ட்_பப்ளிக்_கீ" மூலம் பொதுச் சாவியைத் தனிக் கோப்பாக எடுங்கள். விபிமெட்டாவை அந்தச் சாவியால் கையொப்பமிட்டு சிஸ்டத்தைக் கட்டுங்கள். போனில் முதலில் "ஃபாஸ்ட்பூட் எரேஸ் ஏவிபி_கஸ்டம்_கீ", பிறகு "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் ஏவிபி_கஸ்டம்_கீ" கொடுத்துப் பொதுச் சாவிக் கோப்பை எழுதுங்கள். சிஸ்டத்தை ஃப்ளாஷ் செய்யுங்கள். பூட்டும் முன் ஒருமுறை முழுதாக பூட் ஆகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே "ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் லாக்". இதிலும் தரவு அழியும்.

இந்த இடத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். பூட்டியபின் சிஸ்டம் பூட் ஆகி, ஓரிரு அப்டேட்டும் ஒழுங்காக ஏறும் வரை "ஓஇஎம் அன்லாக்கிங்" பொத்தானை அணைக்காதீர்கள். பூட்டும் விழுந்து, பொத்தானும் அணைந்து, சிஸ்டமும் பூட் ஆகவில்லை என்றால் வெளியே வர வழியே இல்லை. எல்லாம் சரியென்று உறுதியான பிறகு அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கையில் கிடைத்தவர் திறந்துவிடலாம். தனிச்சாவிக் கோப்புக்கு இரண்டு நகல் வையுங்கள், ஒன்று இணையத்தில் இல்லாத இடத்தில். அது தொலைந்தால் அடுத்த அப்டேட்டைக் கையொப்பமிட முடியாது. போனைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஆக இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமில்லை. மற்ற நிறுவனங்களும் அதே ஆண்ட்ராய்டு குறிப்பை வைத்துத்தான் பூட்லோடர் எழுதுகின்றன. மஞ்சள் நிலையை விட்டுவிடுவது அவர்கள் எடுக்கும் முடிவு. அதனால்தான் உரிமையாளர் முன்னால் இரண்டே வழி நிற்கிறது: ஒன்று முழுக்க அவர்கள் பூட்டு, இல்லை பூட்டே இல்லாத கதவு. பிறகு பூட்டில்லாத கதவைக் காட்டி, பாருங்கள் சுதந்திரம் ஆபத்தானது என்கிறார்கள்.

செயலிகள் விஷயத்திலும் இதே கதைதான். போனை நம்பலாமா என்று செயலிக்குச் சொல்லும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி மூன்று படியில் பதில் சொல்லும்: அடிப்படை, சாதனம், வலுவானது. மஞ்சள் நிலையில் பூட்டிய போன் சாதனப் படியில் தேறாது. கூகுள் சான்றளித்த சிஸ்டமா என்பதுதான் அங்கே கேள்வி, பாதுகாப்பானதா என்பது கேள்வியே இல்லை. அதே சமயம், அப்டேட் நின்று பல வருடமான பழைய போன், தயாரிப்பாளர் சாவியால் பூட்டியிருப்பதால் அந்தப் படியில் தேறிவிடலாம். ஓட்டை நிறைந்தது உள்ளே போகிறது, பேட்ச் போட்டது வெளியே நிற்கிறது.

இதற்கும் மாற்று இருக்கிறது. ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்றுரை, பூட்லோடர் பூட்டியதா, எந்தச் சாவியால், பேட்ச் தேதி என்ன என்று சிப்புக்குள் இருக்கும் சாவியால் கையொப்பமிட்டே சொல்கிறது. வங்கிச் செயலி எழுதுபவர் அதைச் சரிபார்த்து, நம்பும் சாவிகளின் பட்டியலில் மாற்று சிஸ்டத்தின் சாவியையும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வங்கிச் செயலி மறுத்தால் இந்த விவரத்தோடு எழுதுங்கள். "என் போனில் ஓடவில்லை" என்ற புகார் முதல் நிலை உதவியாளரிடமே முடிந்துவிடும். சான்றுரை, சாவியின் ஹேஷ் என்று எழுதினால் எழுதிய நிரலரிடம் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

கணினியில் இந்தச் சண்டை 2012-இலேயே ஒரு சுற்று நடந்துவிட்டது. விண்டோஸ் 8 சான்றிதழ் வாங்க வேண்டுமானால் எக்ஸ்86 கணினியில் செக்யூர் பூட் என்ற வசதியை (கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் ஏற்பது) அணைக்கவும், உரிமையாளர் தன் சாவியை ஏற்றவும் வழி இருந்தாக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்தது. அதே ஆவணத்தில் ஏஆர்எம் சாதனங்களுக்கு நேர் எதிர் விதி, அணைக்கவே கூடாது. ஒரே நிறுவனம், ஒரே தொழில்நுட்பம். எக்ஸ்86 கணினிகள் இன்றும் லினக்ஸ் ஓட்டுகின்றன, அந்த விண்டோஸ் ஆர்டி டேப்லெட்டுகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. விண்டோஸ் 10 வந்தபோது அணைக்கும் வசதியைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது.

கணினியில் சொந்தச் சாவி ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபர்ம்வேரில் செட்டப் மோடுக்குப் போய், லினக்ஸில் எஸ்பிசிடிஎல் என்ற கருவி கொண்டு "எஸ்பிசிடிஎல் கிரியேட்-கீஸ்", பிறகு "என்ரோல்-கீஸ்". இந்த இரண்டாவது கட்டளையில் மைக்ரோசாஃப்ட் சாவிகளையும் சேர்க்கும் "எம்" விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டின் ஆப்ஷன் ரோம் (கார்டுக்குள் இருக்கும் தொடக்க நிரல்) அந்தச் சாவியால்தான் பெரும்பாலும் கையொப்பமிடப்பட்டிருக்கும். அதை நீக்கினால் திரையே வராமல் போகலாம், சில மடிக்கணினிகள் திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

---

வரப்புமேடு:

உரிமப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் ஒரு குறிப்பு. உங்கள் போனுக்கு லினேஜ் இருக்கிறது என்றால் யாரோ கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மூலநிரலைப் பெற்றிருக்கிறார்கள் என்று பொருள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற உரிமத்தின் 2-ஆம் பதிப்பில் இருக்கிறது. பைனரியை விநியோகிப்பவர் மூலநிரலையும், அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளையும் தர வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்: மாடல் எண், பில்ட் எண், கெர்னல் பதிப்பு மூன்றையும் குறிப்பிட்டு. பில்ட் எண் இல்லாமல் கேட்டால் வேறொரு பதிப்பின் நிரலை அனுப்பிவிடுவார்கள், அது உங்கள் போனில் பூட் ஆகாது.

இது சும்மா காகித உரிமை இல்லை. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் நிரல் 2003-இல் இந்த உரிமத்தால்தான் வெளியே வந்தது. ரவுட்டர்களுக்கான மாற்று சிஸ்டமான ஓபன்டபிள்யூஆர்டி அதிலிருந்து பிறந்தது. ஆனால் நிரலைக் கொடுத்துவிட்டு, மாற்றிய நிரலை வன்பொருள் ஏற்க மறுப்பது என்ற தந்திரமும் உண்டு. டிவோ என்ற வீடியோ பதிவுக்கருவி அதைச் செய்ததால் அதற்கு டிவோவாக்கம் என்றே பெயர் வந்தது. 2007-இல் வந்த ஜிபிஎல் 3-ஆம் பதிப்பு, வீட்டு உபயோகச் சாதனங்களில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான சாவி முதலியவற்றையும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. கெர்னல் 2-ஆம் பதிப்பிலேயே நின்றுவிட்டதால் போன்களுக்கு அந்த விதி எட்டவில்லை.

வாங்கும்போது இருந்த வசதியை அப்டேட்டில் பறிப்பதும் நடந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் போடும் வசதி விற்கும்போதே இருந்தது. 2010 ஏப்ரலில் 3.21 ஃபர்ம்வேர் அதை நீக்கியது. அப்டேட் வேண்டாமென்றால் இணைய விளையாட்டுச் சேவைக்குள் நுழைய முடியாது. அதனால் புதிய ஃபர்ம்வேர் வந்தால், திறக்கும் வசதியை அது தொடுகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே ஏற்றுங்கள். தானியங்கி அப்டேட்டை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அணைத்து வைப்பது நல்லது.

---

பனையோலை:

எல்லாருக்கும் நன்றி. மஞ்சள் நிலை என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. சோதித்துப் பார்த்தேன்: பொத்தான் மங்கல், வைஃபையில் ஒரு நாள் முழுக்க விட்டும் மாறவில்லை. கெட்_அன்லாக்_எபிலிட்டி 0. இதன்மேல் ஏதாவது செய்ய முடியுமா?

---

கல்வெட்டு:

0 என்றால் முறையான வழி அடைபட்டது. குவால்காமின் 9008 அவசர நிலையைப் பற்றி யாராவது சொல்வார்கள். அதற்குத் தயாரிப்பாளர் கையொப்பமிட்ட புரோகிராமர் கோப்பு வேண்டும், அந்தச் சாவியின் ஹேஷ் சிப்பிலேயே எரிக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு திறந்து தருவதாகச் சொல்பவர்களிடம் போனையும் கணினியின் தொலைக் கட்டுப்பாட்டையும் ஒப்படைக்க வேண்டாம்.

பூட்டியபடியே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. "ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ்" கொடுத்துப் பட்டியலை எடுங்கள். தேவையற்ற செயலியை முதலில் "பிஎம் டிசேபிள்-யூசர்" கொண்டு, யூசர் 0 என்று குறிப்பிட்டு முடக்கி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அதே யூசர் 0-க்கு "பிஎம் அன்இன்ஸ்டால்". கோப்பு சிஸ்டம் பார்ட்டிஷனில் அப்படியே இருக்கும், உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீங்கும். தவறிப்போனால் "சிஎம்டி பேக்கேஜ் இன்ஸ்டால்-எக்ஸிஸ்டிங்" திரும்பக் கொண்டுவரும். சிஸ்டம்யூஐ, செட்டிங்ஸ், பெர்மிஷன் கன்ட்ரோலர், டெலிஃபோனி புரொவைடர் நான்கையும் தொடாதீர்கள். பூட் லூப்பில் விழுந்தால் ஏடிபியும் கிடைக்காமல் போகலாம், பிறகு ஃபேக்டரி ரீசெட்தான்.

பாதுகாப்பில் இதனால் எல்லாம் சரியாகிவிடாது. வெப்வியூவும் பிரவுசரும் பிளே ஸ்டோர் வழியாகப் புதுப்பிக்கப்படும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேல் என்றால் சில சிஸ்டம் மாடியூல்களுக்கும் பிளே வழியாக அப்டேட் வரலாம். கெர்னல், மோடம், ஜிபியு டிரைவர் ஓட்டைகள் அப்படியே கிடக்கும். 2ஜியை அணைக்கும் பொத்தான் இருந்தால் அணையுங்கள். வங்கிச் செயலியை இதிலிருந்து நீக்கிவிடுங்கள். நீலத்தறியின் இரண்டாவது சாதனம் என்ற யோசனை இங்கே முழுக்கப் பொருந்தும்.

அடுத்த போன் வாங்கும்போது பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை வரும், சிப்பே வேறாக இருக்கும், ஒன்று திறக்கும், மற்றது திறக்காது. பெட்டியில் ஒட்டிய தாளில் உள்ள முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து உட்பட, லினேஜ் விக்கியில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். பழைய போனாக வாங்கினால் பணம் கொடுக்கும் முன் அந்த "ஓஇஎம் அன்லாக்கிங்" பொத்தானை உங்கள் கையால் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.